தோட்டம் வரையும் மென்பொருள்கள்: எது எதற்கு?

டிசம்பர் கடைசியில், நண்பகலில், சென்னையில் 10 மீட்டர் உயரச் சுவரின் நிழல் வடக்கே ஏறத்தாழ ஏழரை மீட்டர் தூரம் விழும். அதே சுவரை ஸ்கெட்ச்அப்பில் எழுப்பி, ஊர் எது என்று குறிக்காமல் நிழலை மட்டும் இயக்கிப் பாருங்கள். திரையில் நீளும் நிழல் 20 மீட்டர். கணக்கில் பிழை இல்லை. ஊர் சொல்லாதவர்களுக்கு அந்த மென்பொருள் தான் பிறந்த கொலராடோவின் போல்டர் நகரத்தை எடுத்துக்கொள்கிறது. போல்டர் 40 பாகை வடக்கே இருக்கிறது, சென்னை 13 பாகையில். ஜூன் மாதத்தில் வேறுபாடு நீளத்தோடு நிற்பதில்லை, திசையே மாறிவிடுகிறது. போல்டரில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடும். நண்பகல் நிழல் தெற்கே விழும். வீட்டின் வடபுறம் எந்நாளும் நிழல்தான் என்று அந்தத் திரையை நம்பி அங்கே பெரணிகளை அடுக்கினால், கத்திரி வெயிலில் அவை கருகும்.

நிலத்தை வடிவமைக்கும் மென்பொருள்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘எது சிறந்தது’ என்றே தொடங்குகிறது. அந்தக் கேள்வியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மனையில் தோட்டம் போடப்போகிறவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. மழைத் தண்ணீர் எங்கே போகும்? வெயில் எங்கே, எந்த மாதத்தில் அடிக்கும்? நட்ட மரம் எவ்வளவு அகலும்? எத்தனை செடி, எத்தனை லோடு மண்? எல்லாம் முடிந்தபின் பார்வைக்கு எப்படி இருக்கும்? கடைசிக் கேள்விக்கு விடை தரும் மென்பொருள்கள்தான் கண்ணைக் கவர்கின்றன, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கித் தருகின்றன. நம் ஊர் நிலமோ முதல் மூன்று கேள்விகளில்தான் பிழைக்கிறது அல்லது கெடுகிறது. இந்தக் கட்டுரை மென்பொருள்களை அந்தக் கேள்விகளின் வழியாகவே பார்க்கிறது.

படம் காட்டி ஒப்புதல் வாங்குவது கணினியோடு வந்த பழக்கம் அல்ல. 1788-இல் இங்கிலாந்தில் தோட்ட வடிவமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொண்ட ஹம்ஃப்ரி ரெப்டன், தம் வாடிக்கையாளர்களுக்குச் சிவப்பு அட்டை போட்ட கையெழுத்துப் புத்தகம் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பார். உள்ளே நீர்வண்ணப் படங்கள். படத்தின் மேல் ஒரு மடிப்புத் தாள் ஒட்டியிருக்கும். அது மூடியிருக்கும்போது தெரிவது இன்றைய நிலம். தூக்கினால் அவர் திட்டமிட்ட நிலம். அந்தத் திட்டங்களில் பல, படத்தோடு நின்றுபோயின. வீட்டின் புகைப்படத்தின் மேல் செடிகளையும் நடைபாதையையும் ஒட்டிக் காட்டும் ப்ரோ லேண்ட்ஸ்கேப், கைபேசியிலேயே அதைச் செய்யும் ஐஸ்கேப் போன்றவை ரெப்டனின் நேர் வாரிசுகள். ஒரு வீட்டுக்காரரும் ஒப்பந்தக்காரரும் பத்து நிமிடத்தில் ஒரே எண்ணத்துக்கு வருவதற்கு இவை உண்மையாகவே உதவுகின்றன. ஆனால் புகைப்படத்துக்கு மட்டம் தெரியாது. இவற்றின் ஒட்டுப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மண்ணை வெட்டத் தொடங்கக் கூடாது.

இன்னொரு பரம்பரை வரைபடத்திலிருந்து வந்தது. அதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. 1965-இல் ஹார்வர்டில் ஹோவர்ட் ஃபிஷர் ஒரு கணினி வரைகலை ஆய்வகத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த சைமேப் என்ற நிரல், எழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்து, அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் காகிதத்தில் நிலப்படம் உண்டாக்கியது. கார்ல் ஸ்டைனிட்ஸ் அதை நிலத் திட்டமிடலுக்குப் பயன்படுத்தினார். அங்கே லேண்ட்ஸ்கேப் வடிவமைப்புப் படிக்க வந்த ஜாக் டேஞ்சர்மண்ட், கலிஃபோர்னியாவின் ரெட்லாண்ட்ஸில் நர்சரி நடத்திய பெற்றோரின் மகன். 1969-இல் மனைவி லாராவுடன் அதே ஊரில் எஸ்ரி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் இயன் மெக்ஹார்க்கின் ‘டிசைன் வித் நேச்சர்’ வெளிவந்தது. மண், சரிவு, வெள்ளம், காடு என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் வரைந்து, அடுக்கிவைத்து, எங்கே கட்டலாம் எங்கே கட்டக் கூடாது என்று பார்க்கும் முறையை அந்த நூல் உலகறியச் செய்தது. இன்று உலகெங்கும் அரசு அலுவலகங்கள் கையாளும் ஜிஐஎஸ் என்ற புவியியல் தகவல் அமைப்புக்குக் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் செய்த நிலக் கணக்கெடுப்பு ஒரு வேர் என்றால், இந்த லேண்ட்ஸ்கேப் வகுப்பறை மற்றொரு வேர். அப்படியிருக்க, நம் வடிவமைப்பாளர்களில் பலர் ஜிஐஎஸ்ஸை அடுத்த துறையின் கருவி என்று ஒதுக்கிவைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மூன்றாவது பரம்பரை வரைபலகையின் வழியே வந்தது. 1982-இல் ஆட்டோகேட் வந்தபோது அது பேனாவையும் டி-ஸ்கொயரையும்தான் மாற்றியது. கோடு துல்லியமானது, அந்தக் கோடு சுவரா, வரப்பா, செடி வரிசையா என்பது அதற்குத் தெரியாது. அந்தக் குறையை நிரப்பத்தான் லேண்ட் எஃப்எக்ஸ் போன்ற ப்ளக்-இன்கள் ஆட்டோகேடின் மேல் ஏறி உட்கார்ந்தன. வெக்டர்வொர்க்ஸ் லேண்ட்மார்க் போல இந்தத் துறைக்கென்றே அமைந்த மென்பொருள்களும் வந்தன.

இனித் தண்ணீருக்கு வருவோம். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு கிரவுண்டில் மட்டும் 22,300 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்குச் சற்றே குறைவு. சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் தண்ணீரைச் சேகரிப்புக் கிணற்றுக்குக் கொண்டுபோவது குழாய் மட்டும் அல்ல, தோட்டத்தின் வாட்டம்தான். கல் பாவிய தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று, புல்வெளிக்கு நூற்றுக்கு இரண்டு என்பது பொதுவான அளவு. 10 மீட்டர் நீளத் தளத்தில் அது வெறும் 10 சென்டிமீட்டர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாத அந்த 10 சென்டிமீட்டர் தவறான பக்கம் சாய்ந்தால், தண்ணீர் வாசற்படியில் நிற்கும் அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும்.

இந்த இடத்தில் மென்பொருள்களுக்குள் உள்ள தரவேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. வெறும் ஆட்டோகேடில் மட்டங்களை எண்களாக எழுதிவைக்கலாம். அந்த எண்களுக்குள் முரண் இருந்தால் அது சொல்லாது. அதன் உடன்பிறப்பான சிவில் 3டி, அளந்த புள்ளிகளிலிருந்து ஒரு நிலப்பரப்பைக் கட்டி, சமவுயரக் கோடுகளை இழுத்து, இன்றைய நிலத்துக்கும் நாளைய நிலத்துக்கும் இடையே வெட்ட வேண்டிய மண்ணையும் நிரப்ப வேண்டிய மண்ணையும் கணக்கிட்டுத் தரும். ஓர் இடத்தில் சொட்டு விட்டால் தண்ணீர் எந்த வழியே ஓடும் என்று கோடு போட்டுக் காட்டும் கட்டளையும் அதில் உண்டு. வெக்டர்வொர்க்ஸ் லேண்ட்மார்க்கின் நிலமாதிரியும் வெட்டு-நிரப்புக் கணக்கைச் செய்யும். கற்றுக்கொள்ள சிவில் 3டி-யைவிட இது வடிவமைப்பாளரின் மனப்போக்குக்கு நெருக்கமானது. ரைனோவில் பழகியவர்களுக்கு லேண்ட்ஸ் டிசைன் என்ற ப்ளக்-இன் இருக்கிறது. ரெவிட்டில் நிலத்தைக் கையாள்வது நீண்ட காலம் பெரும்பாடாக இருந்தது. 2024 பதிப்பில் வந்த டோபோசாலிட் நிலத்தைக் கனம் உள்ள பொருளாகவே நடத்துவதால், குழி வெட்டுவதும் அடுக்கு பிரிப்பதும் இப்போது முடிகிறது. ஸ்கெட்ச்அப்பில் கோடுகளிலிருந்து மேடு பள்ளத்தை எழுப்பலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். தண்ணீர்க் கணக்கை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இவற்றில் பல, சிறு அலுவலகத்தின் கைக்கு எட்டாத விலையுள்ளவை. ஆகவே க்யூஜிஐஎஸ்ஸை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2002-இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளுக்குப் பணம் தர வேண்டியதில்லை. ஊர், மாவட்டம் என்று பெரிய படம் போடத்தான் இது என்று நினைக்கிறார்கள். அரை ஏக்கர் நிலத்தில் இருநூறு மட்டங்களை எடுத்து அட்டவணையாகக் கொடுத்தால், அந்த அரை ஏக்கருக்கும் அது சமவுயரக் கோடு வரையும், சரிவைக் கணிக்கும், தண்ணீர் சேரும் தாழ்வுகளைக் கண்டுபிடிக்கும். ஏரி சீரமைப்பில் இறங்கும் குழுக்களுக்கும் பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கும் இதைவிடப் பயனுள்ள கருவி வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அளவை யார் தருவது? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிலவுயரத் தரவுகளை அப்படியே இறக்கிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டருக்கு 30 மீட்டர். அந்த ஒரு கட்டத்துக்குள் நான்கு கிரவுண்டுகள் அடங்கிவிடும். நான்குக்கும் சேர்த்து ஒரே உயரம். அந்த உயரத்திலும் பல மீட்டர் பிசகு இருக்கலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் தரவும் வீட்டு மனைக்கு உதவாது. ஓர் ஏரிக்கு எந்தத் திசையிலிருந்து நீர் வரத்து என்று பார்க்க இவை போதும். வாசலில் தண்ணீர் நிற்குமா என்று பார்க்க, டோட்டல் ஸ்டேஷனோடு சர்வேயர் வர வேண்டும், அல்லது கொத்தனாரின் டியூப் லெவல் வேண்டும். தண்ணீர் நிரப்பிய அந்தத் தெளிவான குழாய், மனையளவு தூரத்துக்குப் பொய் சொல்லாது. ட்ரோன் படங்களை ஓப்பன்ட்ரோன்மேப் கொண்டு நிலமாதிரியாக்கலாம். ட்ரோன் பார்ப்பது புதரின் தலையை, அடியில் இருக்கும் மண்ணை அல்ல என்பதை மறக்கக் கூடாது. எதைக் கொண்டு அளந்தாலும் தெருவின் மட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடும் தெருக்களில், பத்து ஆண்டுக்கு முந்தைய மட்டம் இன்று செல்லாது.

மண் கணக்கில் ஒரு சிறு சரிபார்ப்பைக் கையாலேயே செய்து பழகலாம். ஒரு கிரவுண்டை அரை அடி உயர்த்தினால் 1,200 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் கணக்கில் 12 யூனிட். மென்பொருள் 40 யூனிட் என்று காட்டினால், எங்கோ ஒரு மட்டம் அடியில் இருக்க வேண்டியது மீட்டரில் ஏறியிருக்கிறது.

செடிகளின் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது. இந்தத் துறை மென்பொருள்களின் உண்மையான வரம், செடியை ஒரு படமாக வைக்காமல் ஒரு பதிவாக வைப்பது. லேண்ட் எஃப்எக்ஸிலும் லேண்ட்மார்க்கிலும் ஒரு செடியை வைத்தால் அதன் தாவரவியல் பெயர், இடைவெளி, பை அளவு எல்லாம் கூடவே வரும். முப்பது இட்லிப்பூச் செடிகளை எடுத்துவிட்டு நந்தியாவட்டை வைத்தால் அட்டவணையும் எண்ணிக்கையும் தாமே மாறும். நர்சரிக்கு அனுப்பும் பட்டியலில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இதனால் ஒழிகிறது. சொட்டுநீர்க் குழாயின் விட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுவதும் இவற்றால் முடியும். பெரிய வளாகங்களில் அதற்காகவே இவற்றை வாங்கலாம்.

ஆனால் அந்தப் பதிவுகள் யாருடைய நிலத்துக்கானவை? அமெரிக்கச் செடிப் பட்டியல்கள் பெரும்பாலும் அந்நாட்டு வேளாண் துறையின் குளிர்தாங்கு மண்டலங்களைச் சார்ந்தவை. ஆண்டில் ஒரு முறை தொடும் கடுங்குளிர் எத்தனை பாகை என்பதை வைத்து நிலத்தை 13 மண்டலங்களாக அவை பிரிக்கின்றன. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் அந்த ஏணியின் உச்சிப் படிகளிலேயே அடங்கிவிடும். குளிரில் எது சாகும் என்பது நம் கேள்வியே அல்ல. மே மாத வறட்சியை எது தாங்கும், நவம்பரில் வேரடியில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் எது அழுகும், உப்புக்காற்றில் எது நிற்கும் என்பவையே நம் கேள்விகள். பூவரசும் புன்னையும் கடலோரத்தில் ஏன் நிற்கின்றன என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகத்தின் ஃப்ளோரா அண்ட் ஃபானா வெப் என்ற தரவுத்தளம் வெப்பமண்டலச் செடிகளுக்கு நல்ல துணை. ஆனால் ஆண்டு முழுவதும் மழை பெய்யும் தீவு அது. ஆறு மாதம் காயும் நம் மண்ணுக்கு அதன் நீர்த்தேவைக் குறிப்புகளை அப்படியே எடுக்க முடியாது.

விலக்க வேண்டிய செடி எது என்பதும் மென்பொருளுக்குத் தெரியாது. வேகமாக வளர்ந்து பசுஞ்சுவர் போல நிற்பதால் கொனோகார்பஸ் பல நகரங்களில் நடப்பட்டது. 2023-இல் குஜராத் அரசு அதை நடத் தடை விதித்தது. ஒரு நூலகத்திலிருந்து அதை இழுத்துச் சாலையோரம் முழுக்க வைத்தாலும் திரை எச்சரிக்கை எதுவும் காட்டாது. ஆகவே ஒவ்வோர் அலுவலகமும் தன் செடிப் பட்டியலைத் தானே கட்ட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஓர் எளிய எக்செல் தாள் போதும். தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், முதிர்ந்த உயரம், விரிவு, வேரின் குணம், நீர் தேங்கினால் தாங்குமா, உப்பு தாங்குமா, பூக்கும் மாதம், எந்த நர்சரியில் எந்தப் பையில் கிடைக்கும் என எழுதிக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் விலைக்கு வாங்கும் எந்த நூலகத்தையும்விட அது மதிப்புடையதாகிவிடும். லேண்ட் எஃப்எக்ஸ், லேண்ட்மார்க் போன்றவற்றில் நம் செடிகளைப் பதிந்துகொள்ளவும் வழி இருக்கிறது.

காலம் இன்னொரு பெரிய ஓட்டை. தூங்குமூஞ்சி மரத்தின் விரிவு 30 மீட்டர் வரை போகும். நர்சரியிலிருந்து வருவதோ ஆளுயரக் கன்று. லூமியான் போன்ற படக்காட்சி மென்பொருளின் படத்தில் முதல் நாளிலேயே முதிர்ந்த மரம் நிற்கிறது. அதைப் பார்த்தவர், முதல் கோடையில் மொட்டை வெயிலில் நின்று ஏமாந்துபோகிறார். அல்லது கன்றின் அளவைப் பார்த்து நெருக்கி நட்டுவிட்டு, பத்தாம் ஆண்டில் கோடரியைத் தேடுகிறார். ரியல்டைம் லேண்ட்ஸ்கேப்பிங் ஆர்க்கிடெக்ட், லேண்ட்ஸ் டிசைன் ஆகியவற்றில் செடிகளின் வயதைக் கூட்டிப் பார்க்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் ஒரே திட்டத்தை நட்ட நாள், மூன்றாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என மூன்று தாள்களாக வரைந்துவிடலாம். வாடிக்கையாளரிடம் முதலில் காட்ட வேண்டியது நட்ட நாளின் தாள்.

மொட்டைமாடித் தோட்டத்தில் இதைவிட ஆபத்தான மௌனம் ஒன்று இருக்கிறது. நனைந்த மண் ஒரு கன மீட்டர் 1,800 கிலோ அளவில் எடை போடும். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 540 கிலோ ஏறுகிறது. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 875 கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. படம் வரையும் மென்பொருள் எதுவும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டாது. மாடியில் மண் பாத்தியை வரைந்தவுடன், அடுத்த வேலை கட்டடப் பொறியாளரிடம் போவதுதான்.

படக்காட்சி மென்பொருள்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. லூமியான், என்ஸ்கேப், ட்வின்மோஷன், டி5 எல்லாமே நல்லவை. எதற்கும் வலுவான கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். செலவில்லாமல் வேண்டுவோருக்கு பிளெண்டர் இருக்கிறது, கற்கப் பொறுமை தேவை. வாக்கியம் தட்டினால் தோட்டப் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தொடக்கப் பேச்சுக்குப் பயன்படுத்தலாம். அந்தப் படத்தில் அளவும் இல்லை, மட்டமும் இல்லை, சில நேரம் அந்தச் செடியே உலகில் இல்லை. எந்தப் படமானாலும் மட்டமும் செடிப் பட்டியலும் முடிவான பிறகு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். அழகான படம் ஒப்புதல் பெற்றுவிட்டால், பிறகு மட்டம் இடறும்போது அந்தப் படத்தை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

இனி யாருக்கு எது? தன் வீட்டுத் தோட்டத்தை மட்டும் திட்டமிடுபவருக்குக் கட்டம் போட்ட தாளும், உலாவியில் இயங்கும் இலவச ஸ்கெட்ச்அப்பும் போதும். அந்த இலவசப் பதிப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமை இல்லை. மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க்கின் மென்பொருள்கள் கல்வி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆட்டோகேடோடு க்யூஜிஐஎஸ்ஸையும் படிக்கும்போதே கற்றுக்கொள்வது நல்லது, வேலைக்குப் போனபின் நேரம் கிடைக்காது. இரண்டு மூன்று பேர் உள்ள அலுவலகத்துக்கு ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ஒரு படக்காட்சி மென்பொருள் என்ற வழக்கமான கூட்டணி ஓடும், மட்டக் கணக்குக்கு க்யூஜிஐஎஸ் சேர்ந்தால். மேட்டு நிலத்திலும் பெரிய வளாகத்திலும் அடிக்கடி வேலை வருபவர்கள் லேண்ட்மார்க் அல்லது சிவில் 3டி-க்குச் செலவழிப்பது நியாயம்.

வாங்கும்போது இன்னொன்றையும் எண்ண வேண்டும். 2016-இல் ஆட்டோடெஸ்க் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. 2020 நவம்பரில் ஸ்கெட்ச்அப்பும் அதே வழியில் போனது. இப்போது நாம் மென்பொருளை வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். வாடகை நின்ற நாளில் கோப்பைத் திறக்க முடியாமல் போகக் கூடாது. தோட்டத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு என்றால் வரைபடமும் அவ்வளவு காலம் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வேலை முடிந்ததும் டிஎக்ஸ்எஃப், பிடிஎஃப் ஆகிய இரண்டிலும் வரைபடத்தையும், சிஎஸ்வி கோப்பாகச் செடிப் பட்டியலையும் எடுத்துவைக்க வேண்டும்.

அப்படி எடுத்துவைப்பது திட்டமிட்டதை மட்டும் அல்ல, நிலத்தில் உண்மையில் நடந்ததையும். பாறை தட்டியதால் இரண்டடி தள்ளி நட்ட வேம்பு, கிடைக்காத செடிக்குப் பதிலாக வைத்த செடி, வளைத்துப் போட்ட மின்கம்பி எல்லாம் அதில் ஏற வேண்டும். சிங்கப்பூரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நகர மரங்களை, எது எங்கே நிற்கிறது என்று 2018 முதல் பொதுமக்கள் வரைபடத்திலேயே பார்க்க முடிகிறது. ஒரு கல்லூரி வளாகமோ குடியிருப்புச் சங்கமோ அதே வேலையைச் சிறிய அளவில் க்யூஜிஐஎஸ்ஸில் செய்துகொள்ளலாம். மரத்துக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு எண், எண்ணுக்கு நேரே நட்ட தேதியும் கிளை வெட்டிய தேதியும். சொட்டுநீர்க் குழாயையும் மின்கம்பியையும் மண் மூடும் முன் கைபேசியில் படமெடுத்து, இரண்டு நிலையான மூலைகளிலிருந்து டேப் பிடித்து அளந்து, அந்த அளவை அன்றைக்கே கோப்பில் ஏற்றிவிட வேண்டும். அடுத்த ஆண்டு அங்கே மண்வெட்டி போடப்போகிறவர் குழாய் போட்டவராக இருக்க மாட்டார்.